கழுத்து நிற்காத கடவுள்

கடவுள் மனித வடிவில் வந்தார் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் அதிர்ந்துபோக மாட்டார்கள். வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்து, பிட்டுக்கு மண் சுமந்து, பாண்டியன் கையால் பிரம்படி பட்ட சிவபெருமானின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுந்தரருக்காகப் பரவையார் வீட்டுக்குத் தூது நடந்த கதையும் தெரியும். கடவுள் வருவதில் நமக்குச் சிக்கலே இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கை அதோடு நிற்பதில்லை. அவர் பிறந்தார் என்கிறது. ஒரு பெண்ணின் வயிற்றில் பத்து மாதம் கிடந்து, தொப்புள்கொடியோடு வெளியே வந்து, பசித்தால் அழுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத பிள்ளையாக இருந்தார் என்கிறது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைத் தோழி போன டிசம்பரில் கேட்டாள்: “சிலுவை எனக்குப் புரியுதுடி. ஒருத்தர் மத்தவங்களுக்காக உயிரைக் கொடுக்கறது புரியுது. ஆனா அதுக்கு நேரா முப்பது வயசு ஆளா வந்திருக்கலாமே? எதுக்கு அந்தக் குழந்தைப் பருவமெல்லாம்?” கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீ இடைவேளையில் சொல்லி முடிக்கிற விஷயமா அது? இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அவள் கேட்டதை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒருவர் யோசித்து, பதிலையும் முடிவு செய்துவிட்டார். பெயர் மார்சியோன். கருங்கடல் கரையில் சினோப்பே என்ற துறைமுக ஊர்க்காரர், கப்பல் தொழிலில் செல்வம் சேர்த்தவர். ரோமுக்கு வந்து அங்கிருந்த சபைக்கு இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் நன்கொடை கொடுத்தார். அவர் போதனையை ஏற்க முடியாது என்று கி.பி. 144இல் அவரை விலக்கியபோது சபை அந்தப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவர் வைத்திருந்த நற்செய்தியில் பெத்லகேம் கிடையாது, இடையர்கள் கிடையாது, தீவனத் தொட்டி கிடையாது. திபேரியு சீசர் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டில் கிறிஸ்து வளர்ந்த ஆளாகக் கப்பர்நாகுமில் வந்து இறங்குகிறார். கதை அங்கேதான் ஆரம்பம்.

மார்சியோனைச் செலுத்தியது ஒருவகை மரியாதை என்றே எனக்குத் தோன்றுகிறது. கடவுள் தூயவர், கரு, ரத்தம், பேறுகாலம் இதெல்லாம் அவரைத் தொடக் கூடாது. நம் வீடுகளில் இந்த எண்ணம் இல்லையா என்ன? பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று தனியறையில் வைத்து, பூசையறைப் பக்கம் வராதே என்று சொல்லித்தானே பழகியிருக்கிறோம்.

மார்சியோனுக்கு மறுப்பாக வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து தெர்த்துல்லியன் எழுதியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிறிஸ்துவின் உடலைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். கோபக்கார மனிதர். கருப்பையைப் பற்றி அருவருப்பாகத்தானே பேசுகிறாய், பேசு என்று மார்சியோனை எதிரே நிறுத்தி, கரு வளர்வதையும் வயிறு நாளுக்கு நாள் கனப்பதையும் பிறந்த பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றுவதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பிறகு, நீயும் இப்படிப் பிறந்தவன்தானே என்று கேட்கிறார். மனிதன் பிறக்கிற விதத்தை வெறுக்கிறவனால் மனிதனை நேசிக்க முடியுமா? கிறிஸ்து மனிதனை நேசித்தார் என்றால் அவனுடைய பிறப்பையும் சேர்த்துத்தான் நேசித்தார் என்பது அவர் வாதம். பெண்களைப் பற்றித் தெர்த்துல்லியன் எழுதிய பலவற்றை என்னால் ஏற்கவே முடியாது. ஆனால் பேறுகால அறையை இவ்வளவு உறுதியாகக் கடவுளோடு சேர்த்து வைத்த இன்னொரு எழுத்தைப் பழைய காலத்தில் நான் பார்த்ததில்லை.

அவருக்கும் ஏறக்குறைய நூறு வருடம் முன்னால் அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் இருந்தார். காட்டு விலங்குகளுக்கு இரையாக ரோமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட வழியில் அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. இயேசு உண்மையாகவே பிறந்தார், உண்மையாகவே உண்டார், குடித்தார் என்று அவற்றில் வலியுறுத்துகிறார். அவர் உடலெடுத்ததெல்லாம் வெறும் தோற்றம் என்று சொல்லித் திரிந்தவர்களுக்கான பதில் அது. அப்படியானால் நான் எதற்குச் சங்கிலியில் கிடக்கிறேன் என்று கேட்கிறார் அந்தக் கிழவர். தன் உடம்பையே சாட்சியாக வைக்கப்போகிறவரின் கேள்வி அது.

பச்சைப் பிள்ளையைக் கையில் வாங்கியவர்களுக்குத் தெரியும். ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் அடியில் போகாமல் தூக்கவே முடியாது. ஏறுக்குமாறாகத் தூக்கினால் உரம் விழுந்துவிடும் என்று பாட்டிமார் பதறுவார்கள். என் தங்கைக்கு மகள் பிறந்து வீட்டுக்கு வந்த புதிதில் நடுராத்திரிப் பொறுப்பு என்னுடையது. மடியில் கிடத்திப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உச்சிக்குழி மெல்ல ஏறி இறங்கும். எலும்பு இன்னும் கூடாத இடம். உள்ளே துடிப்பது தோலுக்கு மேலே தெரியும். தொப்புளில் கொடியின் மிச்சம் கருத்துச் சுருங்கிக் காய்ந்துகொண்டிருக்கும். பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டித் தட்டி ஏப்பம் வரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கக்கிவிடும், திரிந்த பால் கடைவாயில் வழியும். கை தன்னுடையது என்றே அதற்குத் தெரியாது, தன் நகத்தால் தன் கன்னத்தையே கீறிக்கொள்ளும். ஞாயிறுதோறும் கோவிலில் நின்றுகொண்டு விசுவாச அறிக்கை சொல்கிறோமே, அதன் கனம் எனக்கு அந்த ராத்திரிகளில்தான் உறைத்தது. அவருக்கும் உச்சிக்குழி இருந்தது.

அந்தக் காலத்தில், அந்த நாட்டில் பிள்ளை பிறந்தால் என்ன செய்வார்கள் என்பது எசேக்கியேல் நூலின் 16ஆம் அதிகாரத்தில் போகிற போக்கில் வருகிறது. கொடியை அறுப்பார்கள், தண்ணீரில் கழுவுவார்கள், உடம்பில் உப்புத் தேய்ப்பார்கள், துணியால் சுற்றுவார்கள். இயேசுவின் பிறப்பை எழுதும்போது நற்செய்தியாளர் லூக்கா அதில் கடைசியை மட்டும் சொல்கிறார். வானதூதர் இடையர்களுக்குக் கொடுக்கிற அடையாளத்திலும் அந்தத் துணிதான் வருகிறது: துணியில் சுற்றி, மாட்டுத் தொட்டியில் கிடத்தியிருக்கும் ஒரு பிள்ளை. ஒளிவட்டம் என்று எதுவும் சொல்லப்படவில்லை. அந்த ஊரில் எந்தப் பிள்ளையையும் அப்படித்தான் சுற்றியிருப்பார்கள். தொட்டி ஒன்றுதான் வித்தியாசம், அதுவும் இடமில்லாததால் வந்தது.

அடுத்து லூக்கா சொல்கிற ஒரு விஷயத்தை நாம் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். பேறுகாலச் சடங்குக்காகப் பெற்றோர் எருசலேம் கோவிலுக்குப் போகிறார்கள். மோசேயின் சட்டப்படி ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரு புறாவும் கொடுக்க வேண்டும். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு மட்டும் இரண்டு புறா போதும் என்று ஒரு சலுகை உண்டு. இவர்கள் விஷயத்தில் லூக்கா குறிப்பிடுவது புறாக்களை மட்டுமே. ஏழை வீட்டுப் பிள்ளை என்று அவர் தனியாகச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அங்கே சிமியோன் என்ற பெரியவர் பிள்ளையைக் கையில் வாங்குகிறார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த மீட்பர், தலையைத் தாங்கிப் பிடிக்கவேண்டிய நிலையில் அவர் கைக்கு வருகிறார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்குக் கண்ணன் நினைவுக்கு வருவது இயல்பு. எனக்கும் வரும். மண்ணைத் தின்ற பிள்ளையின் வாயைத் திறக்கச் சொன்ன யசோதை அதற்குள் உலகங்களையே பார்த்த கதை, பெரியாழ்வார் காலம் தொட்டு நம் மொழியில் ஊறிப்போன ஒன்று. பெத்லகேம் பிள்ளையின் வாய்க்குள் பார்த்தால் ஈறுதான் தெரிந்திருக்கும். நான்கு நற்செய்திகளிலும் அந்தக் குழந்தை ஓர் அற்புதமும் செய்வதில்லை, ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. இந்த வெறுமை பழைய கிறிஸ்தவர்களுக்கே தாங்கவில்லை. சிறுவன் இயேசு களிமண்ணில் குருவிகள் செய்து கைதட்டினார், அவை உயிரோடு பறந்தன என்பது போன்ற கதைகள் இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு நூலாக உலவின. அழகான கதைதான். திருச்சபை அந்த நூலை விவிலியத்தில் சேர்க்கவில்லை. எனக்கு அந்த முடிவில் பெரிய நிம்மதி உண்டு. அற்புதம் செய்யும் பிள்ளைக்கு உண்மையில் யார் உதவியும் தேவைப்படாது. நற்செய்திகள் காட்டும் பிள்ளைக்குத் தாய்ப்பால் தேவைப்பட்டது.

“அப்ப அந்தக் குழந்தை தூங்கினப்ப உலகத்தை யாரு பாத்துக்கிட்டது?” என்றும் தோழி கேட்டாள். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியார் இதை நேராகவே எதிர்கொண்டார். உடலெடுத்தவர் அந்த உடலுக்குள் அடைபட்டுப் போகவில்லை. உடலில் இருந்த அதே வேளையில் அனைத்தையும் தாங்கிக்கொண்டும் இருந்தார் என்பது அவர் பதில். 451இல் கால்செதோனில் கூடிய சங்கம் அதையே கறாராக வரையறுத்தது. கடவுள் தன்மை மனிதத் தன்மையாக மாறிவிடவில்லை, இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று ஆகவும் இல்லை, இரண்டு ஆட்களாகப் பிரிந்தும் இல்லை, ஆள் ஒருவரே. இது எப்படி என்பதை அந்த வரையறை விளக்க முயலவே இல்லை. எப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று வேலி போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால், 431இல், எபேசு நகரத்தில் நடந்தது இன்னும் சூடான விவகாரம். கான்ஸ்டான்டிநோபிளின் தலைமை ஆயர் நெஸ்தோரியு, மரியாவைக் கடவுளின் தாய் என்று அழைப்பது தகாது, கிறிஸ்துவின் தாய் என்று சொல்வதே சரி என்றார். அந்தக் காலத்துத் திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரடீஸ் (கிரேக்கத் தத்துவஞானி வேறு ஆள்) ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டு மாதம், மூன்று மாதம் ஆன பிள்ளையைக் கடவுள் என்று என்னால் சொல்ல முடியாது என்று நெஸ்தோரியு எபேசில் சொன்னாராம். நுணுக்கமான இறையியல் சொற்களுக்கு நடுவே அந்த மனிதரின் மனம் தடுக்கிய இடம் இதுதான், ஒரு கைக்குழந்தை. ஜூன் 22ஆம் தேதி, கிழக்கத்திய ஆயர்கள் பலர் வந்து சேர்வதற்கு முன்பே, அலெக்சாந்திரியாவின் சிரில் சங்கத்தைக் கூட்டி அவரைப் பதவி நீக்கினார். அன்று இரவு எபேசு மக்கள் தீப்பந்தம் ஏந்தி ஆயர்களை அவரவர் தங்குமிடம்வரை கொண்டுபோய் விட்டார்கள். பெண்கள் தூபம் காட்டிக்கொண்டு முன்னே நடந்தார்கள்.

சிரில் அவசரப்பட்ட விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. நெஸ்தோரியு எகிப்தில் நாடுகடத்தப்பட்டவராகவே இறந்தார். அவரைத் தங்கள் ஆசானாக மதித்த கிழக்குத் திருச்சபை தனியாகவே தொடர்ந்தது. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகள் உறவு வைத்திருந்தது அந்தத் திருச்சபையோடுதான். 1994 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பாலும் அசீரியக் கிழக்குத் திருச்சபையின் முதுபெரும் தந்தை நான்காம் மார் தின்காவும் சேர்ந்து கையெழுத்திட்டு, மரியாவை அழைக்கும் இரண்டு முறையும் ஒரே நம்பிக்கையைத்தான் சொல்கின்றன என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஆனாலும் கேள்வியில் சிரிலின் பக்கம்தான் நான். மூன்று மாதப் பிள்ளையைக் கடவுள் என்று சொல்ல முடியாதென்றால், முப்பது வயது ஆளை மட்டும் எப்படிச் சொல்வது? வயது கூடினால் கடவுளுக்குக் கிட்டே போய்விடுகிறோமா?

அந்த இரண்டு, மூன்று மாதம் என்ற கணக்கு தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று வேறொன்றை நினைவூட்டும். பிள்ளைத்தமிழ் தொடங்குகிற காப்புப் பருவம் அந்த வயதுக்கு உரியது. நெஸ்தோரியு தயங்கி நின்ற இடத்தில்தான் நம் புலவர்கள் பாடவே ஆரம்பிக்கிறார்கள். முருகனுக்கும் மீனாட்சிக்கும் பாடினார்கள். ஆனால் பிறப்பில்லாத சிவனுக்குப் பிள்ளைத்தமிழ் பாடும் வழக்கம் இல்லை. அந்த மரபில் நின்று அருள் செல்லத்துரை ‘இயேசுபிரான் பிள்ளைத்தமிழ்’ எழுதினார். பிறவாத இறைவன் பிறந்தான் என்று நம்புகிற ஒருவர் இந்த வடிவத்தைக் கையில் எடுக்கும்போது அதற்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். காப்புப் பருவத்தில் பிள்ளையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்ட வேண்டும். இந்தப் பிள்ளைக்குக் காப்பு யார்?

அவதாரம் என்ற சொல்லைக் கிறிஸ்துவுக்குப் பயன்படுத்தலாமா என்ற பேச்சு நம்மிடம் பழையது. சென்னையின் மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் நாம் அறிந்த வி. சக்கரைச் செட்டியார் இளமையில் கிறிஸ்தவரானவர். இயேசுவை அவதாரம் என்றே அழைத்து 1920களில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். சொல்லை எடுத்துக்கொண்ட அவர் ஒரு வேறுபாட்டையும் அழுத்திச் சொன்னார். மற்ற அவதாரங்கள் காரியம் முடிந்ததும் முடிந்துவிடும். இயேசு எடுத்த மனிதத் தன்மை முடிவதில்லை, அது நிலையானது. எனக்கு இது வெறும் இறையியல் நுணுக்கமாகப் படவில்லை. வந்த வேலை முடிந்ததும் கழற்றிப் போடுகிற உடம்பு என்றால் அதை எடுத்ததில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. திரும்பிப் போகும்போதும் மனிதராகவே போனார், இன்றும் மனிதராகவே இருக்கிறார் என்றால், மரியாவிடம் பால் குடித்தது கடவுளின் வாழ்க்கையில் அழியாமல் சேர்ந்துவிட்ட ஒன்று.

தோழியின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏன் நேராக முப்பது வயதில் வரவில்லை? நான்காம் நூற்றாண்டில் அப்பொல்லினார் என்ற ஆயர், இயேசுவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் மட்டும் இல்லை, அந்த இடத்தில் கடவுளின் வார்த்தையே இருந்தது என்று போதித்தார். அதற்கு நசியான்சு கிரகோரியார் கொடுத்த பதிலின் சாரம் இதுதான்: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை. கிரகோரியார் மனதைப் பற்றிப் பேசினார். நான் அதையே வயதைப் பற்றியும் கேட்கிறேன். பேச்சு வராத பருவம், எதுவும் செய்ய முடியாத பருவம், அடுத்தவர் கையில் முழுக்க இருக்கிற பருவம் மனித வாழ்க்கையில் உண்டு. முதலில் ஒருமுறை எல்லோருக்கும் வருகிறது. கடைசியில் இன்னொரு முறை பலருக்கும் வருகிறது.

என் அப்பா பக்கவாதத்தில் விழுந்து பேச்சிழந்து கிடந்த மாதங்களில் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டுவோம். பாதி வெளியே வழிந்துவிடும். ஊரில் பஞ்சாயத்து பேசித் தீர்த்துவைத்த மனிதர். தான் ஒன்றுக்கும் உதவாதவனாகிவிட்டேன் என்று அவர் கண்ணில் தெரியும்போது எனக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நீங்க இப்ப இருக்கற மாதிரிதாம்பா ஆண்டவரும் ஆரம்பத்துல இருந்தாரு. நேராக முப்பது வயதில் வந்திருந்தால் அந்தக் கட்டிலருகே அதைச் சொல்லியிருக்க முடியாது.

இதனால்தான் கிறிஸ்துமஸ் குடில் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மார்கழிக் குளிரில் தட்டில் கேழ்வரகு முளைக்கவைத்துப் புல்லாக்குவது, வைக்கோல் பரப்புவது, 24ஆம் தேதி நள்ளிரவுவரை தொட்டியைக் காலியாக வைத்திருப்பது எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் கடைகளில் கிடைக்கிற பால இயேசு சுரூபத்தைப் பாருங்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை போலக் கொழுகொழுவென்று, சுருள்முடியோடு, கண்ணை விரியத் திறந்து, கைகளை நீட்டி ஆசீர்வதிக்கும். அன்று பிறந்த பிள்ளை எங்கே ஆசீர்வதித்தது? 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் தொட்டியும் கொண்டுவரச் சொல்லி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் திருப்பலி கொண்டாடவைத்தார். அந்தப் பிள்ளைக்கு எதெல்லாம் இல்லாமல் போனதோ, எவ்வளவு கஷ்டத்தில் கிடந்ததோ அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே அவர் ஆசை. நாங்கள் இரண்டு வருடமாகச் சுரூபத்துக்குப் பதில் வெள்ளைத் துணியை இறுகச் சுற்றி ஒரு பொதியாகத் தொட்டியில் வைக்கிறோம். முகம் தெரியாது. வீட்டுப் பிள்ளைகள் குனிந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

குடிலில் இன்னொருவர் ஓரமாகக் கைத்தடியோடு நிற்பார், சூசையப்பர். நற்செய்திகளில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. இத்தாலியிலிருந்து நம் மண்ணுக்கு வந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி பாடியபோது அவரைத்தான் காப்பியத் தலைவனாக்கினார்; 36 படலம், 3615 பாடல். அந்தத் தேர்வின் நியாயம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. கடவுள் கழுத்து நிற்காத பிள்ளையானால், ராத்திரியில் எழுந்து தூக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். எரோது மன்னன் கொல்லத் தேடுகிறான் என்று கனவில் கேட்டதும் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குக் கிளம்பினார் என்று மத்தேயு எழுதுகிறார். காப்பு யார் என்று மேலே கேட்டேன். ஒரு தச்சர்.

அந்தப் பிள்ளை தப்பியது. பெத்லகேமின் மற்ற ஆண்பிள்ளைகள் தப்பவில்லை என்பதையும் மத்தேயு மறைக்கவில்லை. திருச்சபை அவர்களுக்கு டிசம்பர் 28ஆம் தேதியைக் கொடுத்திருக்கிறது, மாசில்லாக் குழந்தைகள் திருவிழா. கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றே நாளில், நட்சத்திர விளக்குகள் இன்னும் இறங்காதபோதே வருகிறது. எங்கள் பங்கில் அன்றைய காலைத் திருப்பலிக்கு ஐந்தாறு பெஞ்சுதான் நிரம்பும். கருவிலோ கைக்குழந்தையாகவோ பிள்ளையை இழந்தவர்கள் சிலர் வருடம் தவறாமல் வந்து பின்வரிசையில் உட்காருவார்கள். இந்த வருடம் தோழியும் வருகிறேன் என்றிருக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் நீங்களும் வாருங்கள். காலை ஆறு மணிக்கு.